முப்பத்தேழு நாள் வரவு

சல்லி,
03.03.2025

ஸெய்னுதீன் சேர்,

என் அண்ணன் விதுசன் காணாமற்போன பிறகு முப்பத்தேழு நாட்கள் அவனுக்கு வரவு போட்டது நீங்கள்தான்.

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. நான் பிரசாந்தி, யோகம்மாவின் மகள். களப்புமுனைக் கல்லூரி ஷெல்லடிக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்து, இங்கே சல்லியில் கருவாட்டு வாடிக்குள், மீன் காயப்போடும் கொட்டிலுக்குள், வகுப்பு நடத்தியபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் உங்கள் ஏ.எல். கணித வகுப்பில் இருந்தான். வகுப்பாசிரியர் நீங்கள். வரவு போடும் இடாப்பு உங்கள் கையில்.

இப்போது நான் கச்சேரி அலுவலகத்துக்கு முன்னால் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன், மனு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு தாள் மனிசரை என்ன பாடு படுத்தும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் போன மாதம் பதினெட்டாம் திகதி அம்மாவோடு காணாமற்போனோர் விசாரணைக்குப் போனபோது அதைப் புதிதாகப் படித்தேன்.

அங்கே இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, உங்கள் மகன் 2006 ஒக்டோபர் ஒன்பதாம் திகதி பெரி ஏறும் துறையடியில் பிடிபட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கல்லூரி இடாப்பில் நவம்பர் முப்பது வரை வகுப்புக்கு வந்திருக்கிறாரே?"

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சொன்னா: "தங்கச்சி, அவன் வரேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? சோத்தைப் போட்டு மூடி வைச்சது நான்தானே."

அதிகாரி எங்கள் கோப்பில் 'முரண்பாடு' என்று எழுதினார். ஒரு சொல். அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி. பள்ளிக்கூட நேரத்தில் உங்கள் மகனுக்குத் துறையடியில் என்ன வேலை? பதினெட்டு வருசமாக ஊர் கேட்கிற கேள்விதான். ஊர் கேட்டுவிட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்ளும். "ஏதோ தொடர்பு இருந்திருக்கும்." "சும்மா பிடிப்பாங்களே?"

அடுத்த விசாரணை மார்ச் 26, புதன்கிழமை. அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் வேண்டும். ஒக்டோபர் ஒன்பதுக்குப் பிறகு விதுசன் வகுப்புக்கு வரவில்லை, நான் போட்ட வரவு பிழை. இரண்டு வரி, கீழே உங்கள் கையெழுத்து.

போனை எடுக்கமாட்டீர்கள். பாலம் கடந்து கிண்ணியாவுக்கு வந்து கேற்றைத் தட்டினேன். உங்கள் மகள் சுஹைரா "வாப்பா படுத்திட்டார்" என்றா. காலை பத்து மணி, சேர். ஆகவே பதிவுத் தபால்.

பிரசாந்தி


கிண்ணியா,
08.03.2025

அன்பின் பிரசாந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நோன்பு காலம், உடம்பும் முன்போல் இல்லை. அன்று நான் படுத்திருந்தது உண்மை.

விதுசனை நான் மறக்கவில்லை. ஆனால் இடாப்பை நீங்கள் பார்க்கும் விதம் பிழை. அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பட்டினத்துப் பாடசாலைகளுக்குப் பிரித்து அனுப்புவதாகத்தான் மேலே முடிவாகியிருந்தது. அதிபர் கனகசபை ஒரே பிடியாக நின்றார். "கட்டடம்தான் அங்க கிடக்கு, கல்லூரி இங்க நிக்குது" என்றார். தம்பிராசா தன் வாடியைத் தந்தார், ஒரு நிபந்தனையோடு. மழை வந்தால் முதலில் கருவாட்டை அள்ளவேண்டும், பிறகுதான் கொப்பி புத்தகம். நாங்கள் அப்படியே செய்தோம். வினாகிரியையும் சுண்ணாம்பையும் வைத்து இரசாயனம் படிப்பித்தோம். கரும்பலகை இல்லை. கரையில் கவிழ்த்து வைத்த பைபர் போட்டின் வெள்ளைப் பக்கத்தில் கரித்துண்டால் கணக்கு எழுதினேன். அந்தப் பிள்ளைகளின் கொப்பிகளில் கடைசிவரை மீன் வாடை போகவில்லை.

நாற்பத்திரண்டு பேர். அதில் இன்று இரண்டு பேர் வைத்தியர்கள், ஐந்து பேர் எந்திரிகள். பரீட்சைக்கு நூற்றுக்கு எண்பது வரவு வேண்டும். சுற்றிவளைப்பு நாளில் யார் வருவது? முகாமில் பதிவு நடக்கும் நாளில்? எல்லோருக்கும்தான் வரவு போட்டேன். ஒரு வரவு பொய் என்று நான் எழுதினால் முழு இடாப்பும் பொய்யாகும். அந்தச் சான்றிதழ்களின் கதி என்ன? அதையும் கொஞ்சம் யோசியுங்கள், மகள்.

ஏப்ரல் 5ஆம் திகதி கல்லூரியின் எழுபத்தைந்தாவது ஆண்டு விழா. மலரில் 'வாடிக் கல்லூரி' என்று ஒரு பகுதி வருகிறது. விதுசனின் படத்தை அதில் போடச் சொல்லியிருக்கிறேன். ஒரு நல்ல படம் அனுப்பி வையுங்கள்.

மு. ஸெய்னுதீன்
ஓய்வுபெற்ற ஆசிரியர்


சல்லி,
11.03.2025

சேர்,

படம் கேட்கிறீர்கள். அண்ணனின் ஒரே படம் அந்த விசாரணைக் கோப்பில் குத்தியிருக்கிறது, 'முரண்பாடு' என்ற சொல்லுக்கு மேலே. அதைப் பிடுங்கி அனுப்பவா?

மலரில் உங்களை என்ன சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கடையில்தான் அதற்குத் தட்டச்சு நடக்கிறது. 'வாடிக் கல்லூரியின் தூண்.' பொன்னாடையும் உண்டு. நான்தான் எழுத்துப் பிழை பார்த்தேன்.

தம்பிராசா மாமாவிடம் போய் அந்த போட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "ஸெய்னுதீன் சேர் கணக்கெழுதினா அழிக்க விடமாட்டார். 'நாளைக்குத் தொடர்ச்சி இருக்கு' எண்டுவார். நான் கணக்கோடயே கடலுக்குப் போவன். ஒருநாள் மறிச்சவங்கள், இது என்ன சங்கேதம் எண்டு ஒண்டரை மணித்தியாலம் வைச்சிருந்தாங்கள். இது வகையீடு ஐயா எண்டன். வகையீடு எண்டா என்ன எண்டு கேட்டாங்கள். அது தெரிஞ்சா நான் ஏன் மீன் பிடிக்கிறன்?"

நானும் சிரித்தேன். நீங்கள் நன்றாகப் படிப்பித்ததை ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. வாடிக்குள் வேர்வையோடு நின்று படிப்பித்தீர்கள். அதற்காக என் அம்மா பொய்க்காரியாக வேண்டுமா? நாற்பத்திரண்டு சான்றிதழுக்கு ஒரு தாய் காவல் நிற்கவேண்டுமா?

அந்தச் சான்றிதழ்களை இனி யாரும் பறிக்கப்போவதில்லை. அப்படிப் பறிக்க வந்தால், அந்த இரண்டு வைத்தியரும் ஐந்து எந்திரிகளும் வந்து பேசட்டும். வாய் இருக்கிற ஆட்கள்தானே. அதோடு, சுற்றிவளைப்பு நாளில் வராத பிள்ளைக்குப் போட்ட வரவும், திரும்பியே வராத பிள்ளைக்குப் போட்ட வரவும் ஒன்றா? கணக்கு வாத்தியார் நீங்கள். நீங்களே சொல்லுங்கள். எண்பது வீதத்துக்காகத்தான் என்றால், பரீட்சைக்கு வரப்போகாத ஒருவனுக்கு அது எதற்கு?

இன்னொன்று. இடாப்பின் பிரதிகளைத் தந்தார்கள். மூன்று நாளாக அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒக்டோபர் 4ஆம் திகதி அண்ணனின் பயணப் பாஸுக்கு அதிபர் கொடுத்த கடிதம் அம்மாவிடம் இருக்கிறது. அதில் கல்லூரி முத்திரை வட்டம். இடாப்போடு தந்த ஒக்டோபர் 5ஆம் திகதி வரவுப் பட்டியலிலும் வட்டம். மாத முடிவில் இடாப்பில் குத்தியது நீள்வட்டம். அதற்குப் பிறகு எல்லாமே நீள்வட்டம்.

ஷெல்லடிக்குள் கட்டடத்தை விட்டுவிட்டு முத்திரையைக் காப்பாற்றிக் கொண்டு வந்த கல்லூரி, அந்த மாதத்தில் அதை எங்கே விட்டது?

பிரசாந்தி


கிண்ணியா,
14.03.2025

பிரசாந்திக்கு,

முத்திரை பழையது, தேய்ந்துவிட்டது. புதிது வெட்டினோம். இதில் தேடிப் பார்க்க ஒன்றுமில்லை.

உங்கள் அம்மாவுக்காக நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். இதற்கு மேல் என்னால் ஏலாது. அதிபர் கனகசபை மௌத்தாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் அவரிடம் கேட்கலாம். தயவுசெய்து இனி எழுதவேண்டாம்.

மு. ஸெய்னுதீன்


சல்லி,
17.03.2025

சேர்,

எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை முத்திரை வெட்டுகிற கடை. ஐந்தாம் திகதிப் பட்டியலின் பிரதியை அவரிடம் காட்டினேன். "இது தேஞ்ச சீல் இல்லை, தங்கச்சி. விளிம்பைப் பாருங்கோ, பிளேட் மாதிரிக் கூராக் கிடக்கு" என்றார்.

தம்பிராசா மாமாவிடம் திரும்பவும் போனேன். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. அண்ணன் பிடிபட்ட அன்றைக்குக் காலையில் கல்வி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தாராம். நீங்கள் அண்ணனை போட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தீர்களாம். பிறகு அவன் பஸ்ஸுக்கு ஓடினானாம். ஏன் இதை இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆரும் என்னட்டக் கேக்கேல்லையே பிள்ளை. இடாப்பில வந்ததா இருக்கெண்டு அதிபரே சொன்னாப்பிறகு நான் ஆர்?" என்றார்.

பஸ்ஸுக்கு எங்கே ஓடினான், சேர்?

இனி எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அண்ணனின் பெயரைக் கூப்பிடாமலே வந்ததாக எழுதினவர், என் கடிதங்களையும் வராததாக எழுதிக்கொள்ளலாம்.

பிரசாந்தி


(திகதி இல்லை)

மகள்,

முத்திரை எங்கள் வீட்டில் இருந்தது. வாடிக்குக் கதவில்லை, பூட்டில்லை. அதனால் அதிபர் என்னிடம் தந்து வைத்திருந்தார். நான் தினமும் கொண்டுபோய்க் கொண்டு வருவேன். அது நோன்பு மாதம். அன்று ஸஹர் சாப்பாட்டுக்குப் பிந்தி எழும்பி, முதல் பெரிப் படகைப் பிடிக்க ஓடியதில் அலுமாரிக்குள் விட்டுவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதனின் மறதி.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். முத்திரை குத்திய மாணவர் பட்டியல் இரண்டு மணிக்குள் வேண்டும், இல்லாவிட்டால் நாளையில் இருந்து பிள்ளைகளை மூன்று பாடசாலைக்குப் பிரிக்கிறேன் என்றார். அதிபரின் முகம் செத்துப்போனது. நானே போயிருக்கவேண்டும். புறப்படத்தான் பார்த்தேன். விதுசனிடம் பாஸ் இருந்தது, கால் இருந்தது. "நோன்போட நீங்க வெயில்ல போகாதேங்கோ சேர். நான் ஓடிட்டு வாறன்" என்றான். நான் ஓம் என்றேன். பஸ் காசைக் கொடுத்து அனுப்பினேன்.

வீட்டில் என் மனைவி மைமூனா முத்திரையை லேஞ்சித் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். "சாப்பிட்டுட்டுப் போ மகன்" என்றதற்கு, "சேர் நோன்போட நிக்கிறார், நான் சாப்பிட்டா சரியில்லை" என்றானாம். தண்ணீர் மட்டும் இரண்டு கோப்பை குடித்திருக்கிறான். பன்னிரண்டரை பெரியில் ஏறியதை ஆட்கள் கண்டிருக்கிறார்கள்.

மூன்று மணி வரை அதிகாரி கதிரையில் இருந்தார். பிறகு "சரி, நாளைக்கு வாறன்" என்று போனார். இரண்டு கிழமைக்கு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

பின்னேரம் நான் துறையடியில் நின்று விசாரித்தேன். பெரியால் இறங்கி வரிசையில் நின்றவனின் பையைச் சோதித்தார்களாம். மாணவன் ஒருவனிடம் ஒரு நிறுவனத்தின் சீல் எப்படி வந்தது என்று கேட்டார்களாம். கள்ளப் பாஸ் அடிக்கிறவர்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. "கல்லூரியின்ட சீல், சேர் அனுப்பினவர்" என்று சொல்லியிருக்கிறான். பக்கத்தில் நிற்கச் சொன்னார்களாம். நான் அந்தச் சாவடிக்குப் போய், ஓம், நான்தான் அனுப்பினேன் என்று சொல்லியிருக்கவேண்டும். போகவில்லை. நோன்பு திறக்கிற நேரம் வந்தது. கடைசிப் பெரி வந்தது. ஏறிவிட்டேன்.

அடுத்த நாள் இடாப்பு எடுக்கும்போது அவன் பெயரில் என் கை நின்றது. அதிபர் பக்கத்தில் வந்தார். "கல்லூரி வேலையாப் போன பிள்ளைக்கு வரவு போடுறதுதானே வழக்கம். விளையாட்டுப் போட்டிக்குப் போனா போடுறமே. அவன் இன்னும் கல்லூரி வேலையாத்தான் நிக்கிறான். வரும்வரைக்கும் போடும்" என்றார். போட்டேன். முதல் கிழமை நம்பிக்கையோடு போட்டேன். பிறகு பயத்தில் போட்டேன். பிள்ளையை அனுப்பியது வெளியில் வந்தால் கல்லூரியை மூடிவிடுவார்கள் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். டிசம்பருக்குப் புதுத் தாள் கோடு போட்டபோது அவன் பெயரையே எழுதவில்லை. வரவில்லை என்று எழுதத் தைரியம் இல்லாமல் பெயரை விட்டுவிட்டேன்.

மைமூனா மௌத்தாகி இரண்டு வருசம். "அந்தப் பிள்ளைட உம்மாட்டப் போய்ச் சொல்லுங்க" என்று கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அதற்கு மேல் யாரிடமும் கொடுக்காதே. எனக்கு அறுபத்தொன்பது வயது, மகள்.


சல்லி,
25.03.2025

சேர்,

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் முடிந்ததும், "அப்ப பள்ளிக்கூட வேலையாத்தான் போனவனோ?" என்றா. ஓம் என்றேன். பிறகு, "தண்ணி குடிச்சவனோ?" என்றா. ஓம் அம்மா, இரண்டு கோப்பை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. பதினெட்டு வருசமாக அம்மா தேடிய செய்தியில் இவ்வளவு உங்கள் வீட்டுக்குள் கிடந்திருக்கிறது. பெரி கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும், சேர்? பாலம் வந்தும் பதினாறு வருசம்.

வியாழக்கிழமை காலையே அந்தக் கடிதத்தைக் கொண்டு அதிகாரியிடம் போனேன். யாரிடமும் கொடுக்காதே என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் நின்றபடி வாசித்தார். அவருக்கும் கண் கலங்கியது. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார். "திகதி இல்லை, கையெழுத்து இல்லை. இதை யாரும் எழுதியிருக்கலாமே, தங்கச்சி" என்றார். அவரில் பிழை சொல்ல ஏலாது.

வேண்டாம் என்று சொன்ன கடிதங்களில் எல்லாம் 'மு. ஸெய்னுதீன்' என்று வால் இழுத்துக் கையெழுத்து வைத்தீர்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியர்' என்றும் போட்டீர்கள். உண்மை எழுதிய கடிதத்தில் மட்டும் பெயர் இல்லை. அண்ணனின் பெயரை டிசம்பர்த் தாளில் விட்டமாதிரி உங்கள் பெயரையும் விட்டுவிட்டீர்கள். ஒரு ஆளுக்கு இதுவே பழக்கமாகிவிடுமா?

அன்றே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அசலைப் பதிவுத் தபாலில் உங்களுக்குத் திருப்பி அனுப்பினேன். இந்தமுறை ஏற்பு அட்டையோடு. இன்று காலை அந்த அட்டை திரும்பி வந்தது. அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. வாலும் இருக்கிறது. பக்கத்தில் உங்கள் கையாலே எழுதிய திகதி, 21.03.2025. நல்ல தெளிவாக இருக்கிறது. வைக்க ஏலாத கையெழுத்து இல்லை, சேர். தபால்காரர் கேட்டால் வைக்கிறீர்கள்.

வயதைச் சொன்னீர்கள். அம்மாவுக்கு அறுபத்தாறு. அண்ணனுக்கு இப்போது முப்பத்தேழு வந்திருக்கும்.

உங்களை யாரும் பிடித்து மறியலில் அடைத்து வைக்கப்போவதில்லை. ஒருவேளை பொன்னாடை போகும். மலரில் உங்கள் பக்கத்தை மாற்றச் சொல்வார்கள். அதை நானே தட்டச்சுச் செய்வேன், நீங்கள் வாடியில் படிப்பித்ததில் ஒரு வரியும் குறையாமல். அது உண்மை. உண்மையை நான் வெட்டமாட்டேன். மற்றதையும் பக்கத்தில் சேர்த்துப் போடுவேன்.

இதைத் தபாலில் போட நேரமில்லை. நானே கொண்டுவந்து உங்கள் கேற் இடுக்கில் செருகுகிறேன். சுஹைரா ஜன்னலால் பார்த்துவிட்டு உள்ளே போவது தெரிகிறது. வாப்பா படுத்திருப்பார். இரண்டு தரம் பெல் அடித்துவிட்டேன். வேலியடியில் நின்றுதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன், சைக்கிள் சீற்றில் தாளை வைத்து.

உள்ளே ஒரு வெற்று இடாப்புத் தாள் வைத்திருக்கிறேன். கடையில் நானே கோடு போட்டு அடித்தது. ஒரே ஒரு பெயர்தான் அதில் இருக்கிறது. ஒக்டோபர் பத்தில் இருந்து நவம்பர் முப்பது வரை முப்பத்தேழு கட்டங்கள், எல்லாம் காலி. கீழே வகுப்பாசிரியர் என்று ஒரு கோடு.

நாளை காலை ஏழு மணிக்குப் பாலத்தடி பஸ் தரிப்பில் அம்மாவும் நானும் நிற்போம். ஒன்பதுக்கு விசாரணை. வந்தால் சேர்ந்து போகலாம். வர ஏலாவிட்டால் தாளைச் சுஹைராவிடம் கொடுத்து விடுங்கள்.

ஒருக்கால் அவன் பெயரைக் கூப்பிடுங்கள், சேர். சத்தமாக. பதில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு முப்பத்தேழு கட்டத்திலும் வரவில்லை என்று எழுதுங்கள். கையெழுத்து வையுங்கள்.

பிரசாந்தி